திண்ணையை இழந்த தமிழன்

'முன்றில்' என்பது இலக்கணப்போலி. இல்லினது முன்னிடம் 'இல்முன்' எனப்படல் வேண்டும். அது முன்பின்னாக மாறி 'முன்றில்' என நின்றது. இல்லினது வாய் 'இல்வாய்'. அது 'வாயில்' என நின்றது. இவ்விரண்டையும் தமிழ்நாட்டுப் பள்ளி மாணவன் ஆண்டுதோறும் நெட்டுருச் செய்கின்றான். தேர்வுத் தாளில் எழுதுகின்றான். உரிய மதிப்பெண்ணையும் பெறுகின்றான். பெற்றபின் வீடு திரும்புகின்றான். அவன் வீட்டில் வாயில் உண்டு, முன்றில் இல்லை! தெருவிலிருந்து தூக்கிய கால் நேரே கூடத்தில் விழுகின்றது. அன்றேல் ஓர் இரும்புக் கூண்டில் முட்டுகின்றது. இலக்கணத்தில் மட்டும் போலியாயிருந்த சொல், தமிழன் வாழ்க்கையிலும் போலியாய்ப் போயிற்று!

காரைக்குடியை அடுத்த கோவிலூரின் பெயரைப் பிரித்துப் பார்க்க. கோ, இல், ஊர் எனும் மூன்று தமிழ்ச் சொற்களால் ஆயது அப்பெயர். ஓகாரத்தின்முன் வகர உடம்படுமெய் தோன்றும் நெறிப்படி 'கோவில்' என்பதே செவ்விய புணர்ச்சி; அந்நெறி வழுவாது அவ்வூர்ப் பெயர் நிற்கின்றது. கொற்றவாளீசர் எனும் பெயரால் இறைவனும் நெல்லையம்மை எனும் பெயரால் இறைவியும் அங்கே விளங்குகின்றனர். மறைமுடிபு எனப்படும் வேதாந்தத்தைத் தமிழ் நூல்வழியே கற்பித்து வந்த மடம் ஒன்றும் முத்துராமலிங்க ஆண்டவரால் நிறுவப்பெற்று அங்கே நிலைபெற்றுள்ளது. ஊரின் பெயரிலேயே 'இல்' இருக்கின்றது. கற்றளியும் மடமும் திருக்குளமும் இருக்கின்றன. ஆயினும், கோவிலூர் தொட்டுக் காரைக்குடி வரையிலும், காரைக்குடி தொட்டுத் தேவகோட்டை வரையிலும், புதிதாய் எழும் வீடுகளை எண்ணிப் பார்ப்பவன் எத்தனை திண்ணைகளைக் காண்பான்? விரல்களே மிகும்.

இதனைச் சிறு செய்தி என்று கருதுவார் உளர். செங்கல்லும் சாந்தும் சேர்ந்த ஒரு மேடை போனால் என்ன என்று வினவுவார் உளர். அவர் அறியவேண்டுவன சில உண்டு.

சொல்லின் தொன்மை

'திண்' என்பது உறுதிப்பொருள் தரும் வேர். திண்மை, திண்ணம், திண்ணியன், திண்டு, திண்ணை என்பன அவ்வேரினின்று கிளைத்தவை. உறுதியாகக் கட்டப்பெற்று உட்காருவார்க்குச் சாய்வும் தருவது திண்ணை. இச்சொல் நேற்றுப் பிறந்ததன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து மாடங்களைக் கூறுமிடத்துப் படிக்காலையும் திண்ணையையும் இடைகழியையும் ஒருங்கே எடுத்துச் சொல்கின்றது. கடல் கொண்டு போன பட்டினத்தின் திண்ணை பாட்டில் நிற்கின்றது. கண்முன் நின்ற திண்ணையைக் கடப்பாரை கொண்டு போகின்றது!

நக்கீரரின் நெடுநல்வாடையோ, கோல் நாட்டி அதன் நிழல் பார்த்துத் திசையறிந்து நூலிட்டு மனை வகுத்த வகையைக் கூறுகின்றது. வெள்ளிபோல் ஒளிரும் சுண்ணச் சாந்தையும், செம்பாற் செய்ததுபோன்ற நெடுஞ்சுவரையும், அச்சுவரில் எழுதிய பூங்கொடியையும் கூறுகின்றது. கட்டுதல், பூசுதல், வண்ணந் தீட்டுதல் என மூன்று கலையையும் மூவேறு சொல்லால் வழங்கிய இனம் இது. அவ்வினத்தான் இன்று வண்ணக் கடையின் முன் நின்றுகொண்டு, தன் சுவருக்கு என்ன வேண்டும் என்று தன் மொழியிற் சொல்லத் தெரியாமல் வண்ண அட்டையிலுள்ள ஆங்கில எண்ணைச் சுட்டிக் காட்டுகின்றான்.

திருக்கோவலூர் மரபுரை ஒன்றும் நினைக்கத்தக்கது. மழையிரவில் ஓர் இடைகழியில் ஒதுங்கினார் பொய்கையார்; பின் வந்தார் பூதத்தார்; அதன்பின் வந்தார் பேயார். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று இடம் பகிர்ந்தனர். அறிமுகமில்லாதான் ஒருவன் மழைக்கு ஒதுங்குதற்கு வீட்டின் முன்புறத்தே இடம் விட்டுக் கட்டிய நாட்டில்தான் அவ்வரலாறு பிறத்தல் கூடும். இற்றை நாள் வீட்டின் முன் அம்மூவரும் வந்து நின்றால், நாய் குரைக்கும், படக்கருவி சிவப்பு விழி காட்டும், கதவு திறவாது.

செட்டிநாட்டின் செல்வமும் சிதைவும்

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பைக் காண்க. ஒரு தெருவில் தலைவாயிலும் அடுத்த தெருவிற் பின்வாயிலுமாக நீண்டு கிடப்பது அவ்வீடு. முகப்பு, அதன் இருமருங்கும் உயர்ந்த திண்ணை, பட்டாலை, வானம் பார்த்த வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று அடுக்கடுக்காக உட்செல்லும். வந்தவரை முதலில் ஏற்பது திண்ணை. கணக்கு வழக்குப் பேசியதும், மணம் பேசியதும், வழிப்போக்கன் தலைசாய்த்ததும், சிறுவர்க்கு எழுத்தறிவித்ததும் திண்ணையிலே. 'திண்ணைப் பள்ளிக்கூடம்' எனும் பெயரே அதற்குச் சான்று. 1822-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826-இல் வெளிவந்த அவர் குறிப்பின்படி மாகாணத்திலிருந்த பள்ளிகள் 12,498. அவற்றிற் பயின்றோர் 1,88,650 பேர். ஆங்கிலேயன் பள்ளிக் கட்டடம் எழுப்புதற்கு முன்னரே இருந்த பள்ளிகள் இவை. ஆசிரியர் வீட்டுத் திண்ணையும் ஊர்ப் பெருங்குடியார் திண்ணையுமே அவற்றுட் பலவற்றிற்குக் கூரையாயிருந்தன.

அவ்வீடுகளைக் கட்டிய செல்வம் கடல் கடந்து வந்தது. பர்மாவின் தேக்கு தூணாயிற்று. இத்தாலியின் பளிங்கு தரையாயிற்று. சப்பானின் பூவோடு சுவரில் ஏறியது. ஆயினும் அயல்நாட்டுப் பொருளையெல்லாம் தமிழ்நாட்டு அமைப்பிற்கு அடங்கச் செய்தனர் அக்காலத்துக் கொத்தரும் தச்சரும். பளிங்கு இத்தாலியினது, அதைப் பதித்த இடம் 'பட்டாலை'. மரம் பர்மாவினது, அது நின்ற இடம் 'முகப்பு'. பொருள் வந்தது, பெயர் வரவில்லை! இன்றோ பொருள் உள்ளூரது, பெயர் வெளியூரது! உள்ளூர்ச் செங்கல், உள்ளூர் மணல், உள்ளூர்க் கூலியாள். கட்டி முடித்தவுடன் அதன் பெயர் 'போர்டிகோ'!

1930களின் இறுதியில், கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு நிலம் செட்டிநாட்டார் கைப்பட்டிருந்தது. கடன்பட்ட பர்மிய உழவன் தன் நிலத்தை இழந்தமையால் வந்த நிலம் அது என்பதையும் மறைத்தலாகாது. 1942-இல் சப்பானியர் பர்மாவிற்குட் புகுந்தனர்; அதன்பின் பர்மா விடுதலை பெற்று நிலத்தை நாட்டுடைமையாக்கிற்று. வருவாய் நின்றது. நூறு பேர் புழங்கிய வீட்டைக் காக்க ஒருவரிருவரே எஞ்சினர். பங்காளிகள் பலராக, வீடு எவர்க்கும் உரியதன்றாயிற்று. பின் தொடங்கியது பெயர்த்தல். தூண் ஒருபால், நிலைக்கதவு ஒருபால், விட்டம் ஒருபால் எனக் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளிற் கிடந்தன.

2014-இல் உலக மரபிடங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதி சேர்க்கப்பெற்றது. உலகத்தார் காத்தற்குரியன என்று பட்டியலிடுகின்றனர்; உரியவனோ விற்றற்குரியன என்று பட்டியலிடுகின்றான்! சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பெற்ற காட்சியகத்தில் செட்டிநாட்டு வணிகர் வீடு ஒன்று மீண்டும் பொருத்தி நிறுத்தப்பெற்றுள்ளது. அதனைக் காத்தவர் பாராட்டுக்குரியர், ஐயமில்லை. ஆயினும், கட்டணங் கொடுத்து நுழைந்து, திண்ணையில் அமர்ந்து, நிழற்படம் எடுத்துக்கொண்டு, திண்ணையில்லாத தன் வீட்டிற்குத் திரும்புகின்ற தமிழனை என்னென்பது? பாட்டன் காசின்றி அமர்ந்த இடத்தில் பேரன் காசு கொடுத்து அமர்கின்றான். இது வளர்ச்சியாம்!

பெயர் போனால்

போர்த்துக்கேசியன் 1498-இல் இம்மேலைக் கரையில் இறங்கினான். அவன் வாய்ச்சொல் தமிழன் வீட்டிற்குள் நுழைந்த வகை வியப்பிற்குரியது. சன்னல் அவனது, சாவி அவனது, அலமாரி அவனது, மேசை அவனது, கம்பித் தடுப்பைக் குறிக்கும் கிராதியும் அவனது, வேலையை நடத்தும் மேத்திரியும் அவனது. வராந்தாவும் அவன் வாய்வழியே பரவியதே. சிலப்பதிகாரம் 'காலதர்' என்று வழங்கிய ஒன்றிற்குச் 'சன்னல்' எதற்கு? 'திறவுகோல்' இருக்கச் 'சாவி' எதற்கு? 'அழி' எனும் அழகிய சொல் கம்பித் தடுப்பிற்கு இருக்கக் 'கிராதி' எதற்கு? 'தாழ்வாரம்' இருக்க 'வராந்தா' எதற்கு?

இதற்கு மறுமொழியாக, 'சொல் எதுவாயின் என்ன, பொருள் விளங்கினாற் போதாதா?' என்பர். போதாது. பொருளைச் செய்தவனுக்கே பெயரிடும் உரிமை உண்டு. திண்ணையைச் செய்தவன் தமிழன். அதன் பெயரை மாற்றியவன், மாற்றியவுடன் அதன் அளவையும் மாற்றினான். அளவை மாற்றியவுடன் அதன் பயனையும் மாற்றினான். 'திண்ணை' என்ற வரையில் அது வந்தவர்க்கு உரிய இடம். 'சிட் அவுட்' என்றவுடன் அது வீட்டுக்காரன் மட்டும் நாற்காலி போட்டு உட்காரும் இடம். 'போர்டிகோ' என்றவுடன் அது சீருந்து நிற்கும் இடம். ஆளிருந்த இடத்தை ஊர்தி பற்றிக்கொண்டது. ஆள் வெயிலில் நிற்கின்றான். பெயர் பொருளை எவ்வாறு தின்னும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

உலகம் தமிழனிடம் கடன் கொண்டதையும் நினைக்க. 'தேக்கு' எனும் சொல்லே மேலைக்கரை வழியாகச் சென்று ஆங்கிலத்தில் மரப்பெயராய் நிற்கின்றது. 'வெட்டிவேர்' எனும் பெயரையே பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் வழங்குகின்றனர். 'பந்தல்' ஆங்கில அகரமுதலியில் ஏறியுள்ளது. தூணுக்குரிய மரத்தின் பெயரையும், தட்டிக்குரிய வேரின் பெயரையும், கூரைக்குரிய பந்தலின் பெயரையும் உலகிற்குக் கொடுத்தவன், தன் வீட்டு முன்னிடத்திற்குப் பெயர் கேட்டு அயலான் வாயிலில் நிற்கின்றான். என்னே இரங்கத்தக்க நிலை!

மறுப்புரைகளும் விடைகளும்

திண்ணையைக் கைவிட்டார் கூறும் மறுப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்க.

முதலாவது, கள்வர் அச்சம். திண்ணையிருந்த தெருவில் எப்பொழுதும் நாலு பேர் கண் இருந்தது. இரவு முழுதும் யாரேனும் ஒருவர் புறத்தே படுத்திருந்தனர். அக்கண்களை அகற்றிவிட்டு, அவற்றிற்கு மாற்றாகப் படக்கருவியை விலைக்கு வாங்கி மாட்டுகின்றனர். படக்கருவி கள்வனைப் படம் பிடிக்கும். அயல்வீட்டு முதியவர் கள்வனையே பிடிப்பார்.

இரண்டாவது, கொசு. இது மெய்யான மறுப்பே. 'ஏடிசு' எனும் கொசு பகலிலே கடித்து முடக்குக் காய்ச்சலைத் தருவது. ஆதலின், திண்ணையின் ஒரு பாதியை அழியிட்டு வலையடித்துக் கொள்க. மறுபாதி வந்தவர்க்குத் திறந்தே கிடக்க. வலைத் திண்ணையில் குழந்தை உறங்கும், முதியோர் காற்று வாங்குவர், மாணவன் படிப்பான். முன்னாளில் கீற்றுத் தட்டியும் மூங்கில் தட்டியும் வெட்டிவேர்த் தட்டியும் கட்டியவன் தமிழன். தட்டி கட்டத் தெரிந்தவனுக்கு வலை கட்டத் தெரியாதோ?

மூன்றாவது, இடமின்மை. சீருந்திற்கு இடம் விட்டவன் இடமில்லை என்று கூறலாகாது. ஒரு சீருந்து நிற்கும் இடத்தில் எட்டுப் பேர் அமரும் திண்ணை அடங்கும். தெரு ஓரத்தைக் கவர்ந்து கட்டுதலும் முறையன்று. தன் மனைக்குள்ளேயே நாலடி விட்டுக் கட்டுக. பழைய திண்ணைகள் பல, தெரு உயர்ந்தமையால் தாழ்ந்து போயின. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே அடுக்கடுக்காக இட்டதனால் வந்த கேடு அது. பழைய மேற்பரப்பைச் சுரண்டியெடுத்த பின்பே புதிது இடல் வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டரசின் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். அதனைக் கடைப்பிடிக்குமாறு ஊர்தோறும் கேட்கும் பொறுப்பு ஊராரதே.

நான்காவது மறுப்பே வலியது. 'திண்ணை சாதியின் இருக்கையன்றோ?' என்பது அது. ஆம், அவ்வாறு இருந்தது. உழைத்தவனைத் தெருவில் நிறுத்தி, உண்டவன் திண்ணையில் சாய்ந்திருந்தான். திண்ணையை எழுப்பிய கையே திண்ணையில் ஊன்றலாகாது எனப்பட்டது. திண்ணைப் பள்ளியின் எழுத்தோலி ஒடுக்கப்பட்டோர் சேரிக்கு எட்டவில்லை. பெண்டிர்க்கும் முகப்புத் திண்ணை உரியதாயிருந்ததில்லை. வளவிற்குள் அவர் அடங்கியிருந்தனர். இதனை மறைத்துப் பழம்பெருமை பேசுவோன் தமிழ்ப்பகைவன். ஆனால் விடை என்ன? கிணற்றில் நீரெடுக்க ஒருசாராரைத் தடுத்தனர் என்பதற்காகக் கிணற்றைத் தூர்த்தல் அறிவாகுமா? தடுத்தவனைத் தடுத்துக் கிணற்றைப் பொதுவாக்குதலே அறிவு. திண்ணையும் அத்தகையதே. இன்று திண்ணையை ஒழித்தவர் சாதியை ஒழித்தாரா? இல்லை. சாதி கதவிற்கு உள்ளே சென்று இன்னும் இறுக்கமாய் அமர்ந்துகொண்டது. திண்ணையில் வெளிப்பட நின்றால் கேட்கலாம், தாழிட்ட கூடத்துள் இருப்பதை எவன் கேட்பான்? ஆகவே புதிய திண்ணை புதிய அறத்தோடு எழுக. எவன் வந்தாலும் அமர்க. வீட்டுப் பெண்டிர் முன்னே அமர்க. அமர்தற்கு இசையாத வீட்டான் திண்ணை கட்டாதிருப்பதே நன்று.

ஐந்தாவது, பணம். இதற்கு விடை சொல்வதினும் செய்து காட்டுதலே தகும்.

வீட்டார் கையாற் கட்டுக

கோவிலூரில் ஒரு நடுத்தரக் குடும்பம், கோடை விடுமுறையில் வீட்டுமுன் ஒரு திண்ணை கட்டத் துணிவதாகக் கொள்க. பன்னிரண்டடி நீளம், நாலடி அகலம், இரண்டடி உயரம். வீட்டுச் சுவர் ஒருபுறம் இருத்தலின் மூன்று புறமே கட்டவேண்டும். முக்காலடிப் பருமனில் எழுப்பினால், அடித்தளம் நீங்கலாக ஏறத்தாழ 400 செங்கல் செல்லும். நடுவெளியை மண்ணிட்டு நீர் தெளித்துக் கெட்டிக்கலாம். இதற்கு என்ன பெருஞ்செல்வம் வேண்டும்? ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் விலையை எண்ணிப் பார்ப்பவன் வாய் திறவான்.

கொத்தனார் ஒருவரும் தச்சர் ஒருவரும் வேண்டும். அவர்க்குரிய கூலியைக் குறையாது தருக. தூண் நிறுத்தலும் கூரை ஏற்றலும் அவர் தொழில். அவற்றில் வீட்டார் தலையிடலாகாது. ஆனால் அவர் ஆசிரியராகவும் வீட்டார் மாணவராகவும் நிற்கலாமன்றோ? பாட்டனார் நூல் பிடிக்க. தந்தை கடைக்கால் தோண்ட. அம்மான் மண் சுமக்க. மூத்த மகள் கல் எடுத்துக் கொடுக்க. இளையவன் செங்கல்லுக்கு நீர் தெளிக்க. நனையாத செங்கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதை அச்சிறுவன் அன்றே கற்பான். 'மட்டம்', 'தூக்குக் குண்டு', 'கரண்டி', 'வரி', 'சாந்து', 'பூச்சு' எனும் சொற்கள் அவன் வாயில் அன்றே ஏறும். எந்தப் பாடநூல் இவற்றைக் கற்பிக்கும்?

சாந்து எது? சுண்ணாம்பு. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சூளையிலிட்டுச் சுட்டு, நீரூற்றி நீற்றி, நாள்பட ஊறவைத்துப் பின் மணலொடு சேர்த்து அரைப்பது முன்னோர் முறை. செட்டிநாட்டார் கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டி நீரும் சேர்த்தனர். மேற்பூச்சில் முட்டை வெண்கருவும் சேர்த்துக் கூழாங்கல்லால் தேய்த்தனர். அதனாலன்றோ நூறாண்டு கடந்தும் அச்சுவர்கள் கண்ணாடிபோல் ஒளிர்கின்றன! சுண்ணச் சாந்து காற்றிலுள்ள கரிவளியை உண்டு மெல்ல மெல்ல மீண்டும் கல்லாகின்றது. கல்லிற் பிறந்து கல்லாய் முடிவது அது. அது சுவரை மூச்சுவிடச் செய்யும். உள்ளே புகுந்த ஈரத்தை வெளிவிடும். பழஞ்சுவரின்மேல் சிமிட்டி பூசி, அதன்மேல் நெகிழிச் சாயம் பூசுபவன், ஈரத்தை உள்ளே சிறைப்படுத்துகின்றான். சில ஆண்டுகளில் உப்புப் பூத்துச் சாயம் செதில் செதிலாய் உதிர்கின்றது. உதிர்ந்தபின், 'பழைய வீடு உதவாது' என்று இடிக்கின்றான். வீட்டைக் கெடுத்தவன் அவனே, பழியோ பாட்டன்மேல்!

வெள்ளையடித்தலே வீட்டார் அனைவரும் கூடிச் செய்யத்தக்க திருப்பணி. சுவரை முதலில் நனைத்து, பால்போல் நீர்த்த சுண்ணக் கரைசலை மூன்று நான்கு முறை அடிக்க வேண்டும். ஒருமுறை அடித்தது காய ஒருநாள் விடுக. கெட்டியாக ஒரே முறை அடித்தால் உதிரும். மெல்லிதாகப் பலமுறை அடித்தால் பற்றும். காவிக்கல்லைக் கரைத்து அடிவரி தீட்டலாம். தரைக்கு ஆத்தங்குடிப் பூவோடு அருகிலேயே கிடைக்கின்றது. கண்ணாடித் தட்டின்மேல் வண்ணக் கலவை ஊற்றிக் கையாற் செய்து, சூளையிற் சுடாமலே நீரிலிட்டுப் பதப்படுத்தி எடுப்பது அது. மழைநீர் தேங்காதிருக்க மேற்றளம் தெருப்புறம் ஓரங்குலம் சரிந்திருத்தல் வேண்டும்.

இரண்டு விழிப்புரைகள். சுண்ணாம்பு நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும்; கண்ணிற் பட்டால் பார்வையைக் கெடுக்கும்; ஆகவே பிள்ளைகள் அப்பக்கம் வரலாகாது. பழைய மரத்தூணிலுள்ள நெய்வண்ணத்தைச் சுரண்டும்போது, அதில் ஈயம் கலந்திருக்கக்கூடும். வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவைப் பத்து நூறாயிரத்தில் 90 பங்கிற்கு மிகாமல் வரையறுக்கும் விதி 2017-இல்தான் நடப்பிற்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சினை உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துச் சுரண்டுக. அத்தூளைப் பிள்ளைகள் மூச்சில் ஏற்காவாறு காக்க.

பின் தச்சர் மரச்சட்டம் இழைத்துத் தர, ஓரங்குலத்திற்குப் பதினாறு கண் உள்ள வலையை இழுத்து அடிக்கும் வேலையை வீட்டார் செய்யலாம். ஒருவர் இழுக்க, ஒருவர் பிடிக்க, ஒருவர் ஆணியடிக்க, அரைநாளில் முடியும். திறந்த பாதிக்குக் கோரைத் திரையோ மூங்கில் தட்டியோ போதும்.

வேலை முடிந்த மாலையில் அப்பத்தா அத்திண்ணையில் வந்து அமர்கின்றார் எனக் கொள்க. பேரன் கேட்பான்: "அப்பத்தா, இந்த வரிசையில் மூன்றாவது கல் நான் எடுத்துக் கொடுத்தது. தெரிகிறதா?" "தெரிகிறது அப்பு. நீ போனபின்னும் அது இருக்கும்." இதனினும் பெரிய பாடத்தை எந்தக் கல்லூரி சொல்லித் தரும்? கூலிக்கு விட்ட கட்டடத்தைப் பிள்ளை விற்பான். தன் கைபட்ட கல்லை விற்கத் தயங்குவான். செட்டிநாட்டுப் பெருவீடுகள் விலைபோனமைக்குப் பங்காளிப் பிணக்கும் வருவாய்க் குறைவும் மட்டுமோ ஏது? விற்றவன் கை அவ்வீட்டின் ஒரு செங்கல்லையும் தொட்டதில்லை என்பதும் ஏதுவன்றோ?

உடலுழைப்பை இழிவென்று கற்பித்தது சாதி. அதனை மேலும் இழிவென்று கற்பித்தது ஆங்கிலக் கல்வி. இவ்விரண்டையும் ஒருசேர அடிப்பது, வீட்டார் அனைவரும் கொத்தனாரோடு ஒன்றாய் நின்று சாந்து குழைத்து, அவரோடு ஒன்றாய் அத்திண்ணையில் அமர்ந்து உண்ணும் அந்நாள். முதலில் அமர்தற்குரியவர் கட்டிய கொத்தனாரே. அவரை முதலில் அமர்த்தாத திண்ணை, முன்னைய திண்ணையின் குற்றத்தையே மீளச் செய்ததாகும்.

முடிவாக

தமிழர்களே! மொழியைக் காத்தல் மேடையிற் பேசுவதால் மட்டும் ஆவதன்று. சொல் வாழ்வது அகரமுதலியில் அன்று, பொருளில். திண்ணை நிற்கும் வரையில் 'திண்ணை' எனும் சொல் நிற்கும். அழி இருக்கும் வரையில் 'அழி' எனும் சொல் அழியாது. கரண்டியும் மட்டமும் பிள்ளைகள் கையில் இருக்கும் வரையில் அவற்றின் பெயர் அவர்கள் வாயில் இருக்கும். பொருளை இடித்துவிட்டுச் சொல்லுக்கு விழா எடுப்பவன், தாயைப் பட்டினியிட்டுவிட்டுப் படத்திற்கு மாலையிடுபவன்.

போர்டிகோ வேண்டா, முன்றில் வேண்டும். சிட் அவுட் வேண்டா, திண்ணை வேண்டும். கிராதி வேண்டா; அழி வேண்டும். பழஞ்சுவர்க்கு நெகிழிச் சாயம் வேண்டா, சுண்ணம் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, வந்தவனை 'யார் நீ?' என்று கேட்கும் கருவி வேண்டா. 'வாருங்கள், அமருங்கள்' என்று சொல்லும் வாய் வேண்டும்.

வருகின்ற கோடையிலேயே தொடங்குக. நாலடி இடம் விடுக. நானூறு செங்கல் வாங்குக. வீட்டாரை அழைக்க. தேர்வில் 'முன்றில்' என்று எழுதி மதிப்பெண் பெற்ற பிள்ளை, வீடு திரும்பி முன்றிலில் அமரட்டும்!